தங்கவயலின் பாறையும் சயனைடு மேடும்

கோலார் தங்கவயல் என்றதும் பலருக்குத் தங்கம் நினைவுக்கு வரும், இளைஞர்களுக்கு சினிமா நினைவுக்கு வரும். நிலவியல் படித்தவர்களுக்கோ 1989-இல் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை நினைவுக்கு வரும். 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் கண்டத்தட்டுகள் நகர்ந்து மோதிக்கொண்டன என்பதற்குக் கோலார்ப் பாறைகளைச் சான்றாக வைத்த கட்டுரை அது. எழுதியவர்கள் கிராக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜாமணி, ஹான்சன் என்று ஐந்து பேர். ராஜாமணி டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் புலத்தில் பேராசிரியராக இருந்தவர். ஹான்சன் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தைச் சேர்ந்தவர். இரண்டுமே மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள்.

புவி அறிவியலையும் சுற்றுச்சூழல் அறிவியலையும் அரசுப் பல்கலைக்கழகங்களில் நாம் படிக்கும் முறையில் எது வலுவாக இருக்கிறது, எது பழுதாக இருக்கிறது என்று எடைபோடத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அந்த முறை தன் முழுத் திறமையையும் காட்டிய இடம் இது. அது பாதி வழியில் நின்றுவிட்ட இடமும் இதுதான்.

முதலில் திறமையைப் பார்ப்போம். கோலார்ப் பட்டை என்பது வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கருமையான பாறைத் தொடர். அகலம் சில கிலோமீட்டர்தான். பழங்காலத்து எரிமலைக் குழம்பு அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறி ஆம்பிபோலைட் என்ற பாறையாகியிருக்கிறது. தண்ணீருக்கடியில் பொங்கிய குழம்பு உருண்டு திரண்டு உறைந்த தடம் இன்னும் சில இடங்களில் தெரிகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பட்டையின் கிழக்கிலும் மேற்கிலும் வெளிர்நிற நைஸ் பாறைகள் கிடக்கின்றன. வெறும் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்றல்ல என்று காட்டியதுதான் அந்த ஆய்வு. நைஸ் பாறையில் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகம் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக ஏற்காது. பிறகு யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238-இல் பாதி சிதைவதற்கு 447 கோடி ஆண்டு ஆகும். படிகத்துக்குள் இன்று இரண்டும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தால் பாறையின் வயது கிடைத்துவிடும். அப்படி அளந்தபோது மேற்குப் பக்க நைஸ்கள் ஏறத்தாழ 263 கோடி முதல் 255 கோடி ஆண்டு வயதுடையவை என்றும், கிழக்குப் பக்கம் 253 கோடி ஆண்டு என்றும் தெரிந்தது. நடுவிலுள்ள ஆம்பிபோலைட்டிலும் கிழக்கு ஓரத்துப் பாறையும் மேற்கு ஓரத்துப் பாறையும் பூமியின் மூடகத்தில் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை என்று வேதியியல் சொன்னது. தனித்தனி வரலாறு கொண்ட நிலத்துண்டுகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு இங்கே ஒட்டியிருக்கின்றன. தங்கவயல் அந்தத் தையல் ஓடும் இடம்.

இந்த முடிவை மறுப்பவர்களும் உண்டு. அவ்வளவு பழைய காலத்தில் இன்றைக்குப் போலத் தட்டுகள் இயங்கினவா என்ற வாதம் உலகமெங்கும் நடக்கிறது. ஆனால் நான் இங்கே மதிப்பது அந்த முடிவைவிட அதற்கு வந்த வழியைத்தான். முதலில் காலால் நடந்து வரைபடம் போட வேண்டும். எந்தப் பாறை எதை வெட்டிப் போகிறது, எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று காம்பஸ் வைத்துக் குறிக்க வேண்டும். எந்த இடத்தில் சுத்தியலால் தட்டி மாதிரி எடுப்பது என்ற தீர்மானம் அந்த வரைபடத்திலிருந்து வர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆய்வகம். மாதிரி எடுத்த இடம் தவறென்றால் எத்தனை கோடி ரூபாய்க் கருவியும் துல்லியமான தவறையே தரும். நல்ல நிலவியல் துறை மாணவருக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். வெயிலில் நின்று ஒரு பாறை முகத்தை நேரம் எடுத்துப் பார்க்கும் பொறுமையை வேறு எந்தப் பாடமும் இந்த அளவுக்குப் பழக்குவதில்லை.

இரண்டாவது வலு, காலம். கோலார் ஆய்வு ஒரு பருவத்து வேலை அல்ல. 1980-களில் பல ஆண்டுகள் அந்தக் குழு இந்தப் பட்டையிலேயே இருந்தது. லாபக் கணக்கு பார்க்கும் எந்த நிறுவனமும் 250 கோடி ஆண்டுப் பழைய கேள்விக்கு இத்தனை ஆண்டுச் சம்பளம் தராது. அரசுப் பல்கலைக்கழகம்தான் தரும். தந்ததன் பலன் ஆட்களாகவும் விளைந்தது. ராஜாமணியிடம் பயின்ற பாலகிருஷ்ணன் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறையில் பேராசிரியராகித் தென்னாட்டு மாணவர்களுக்கு அதே கலையைக் கற்பித்தார். ராஜாமணியின் குழுவும் பழம்பாறையோடு நிற்கவில்லை. பாறை எப்படி மண்ணாகிறது என்றும் காவிரியின் வெள்ளப்படுகை வண்டல் எதிலிருந்து வந்தது என்றும் ஆராயப் போனது. டெல்லியில் அந்தப் புலத்தை அமைத்தவர்கள் நிலவியல், உயிரியல், இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததால் இது சாத்தியமாயிற்று. ‘சுற்றுச்சூழல்’ என்று பலகை மாட்டிய புலத்திலிருந்து கிளம்பிக் கண்டங்களின் பிறப்பைப் பற்றிய கட்டுரை வந்தது சிறிய விஷயமல்ல.

இயற்பியலாளர்களும் இந்த ஊரிடம் நிறையப் பெற்றிருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தோடும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்தது. உலகத்தில் அதை முதலில் கண்டவர்கள் இரண்டு குழுவினர். மற்றொரு குழு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருந்தது. அந்த ஆழத்துக்குக் கருவிகளை இறக்கிய கூண்டை இயக்கியவர்களும், அங்கே போக வழி வெட்டியவர்களும், வழி இடியாமல் முட்டுக்கொடுத்தவர்களும் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள்.

இங்கேதான் பழுது தொடங்குகிறது. இந்த ஊரின் பாறையை இவ்வளவு நுட்பமாகப் படித்த கல்விமுறை, அந்தப் பாறையை வெட்டியெடுத்து இடித்து அரைத்து மேலே கொட்டிய 120 ஆண்டுகளை அதே நுட்பத்தோடு படிக்கவில்லை.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாகி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. மொத்தம் 800 டன் அளவில் தங்கம் கிடைத்தது. தங்கம் போன பிறகு மிஞ்சிய அரைத்த கழிவு சுமார் 3.3 கோடி டன். ராபர்ட்சன்பேட்டைக்கும் மாரிக்குப்பத்துக்கும் இடையே எங்கே நின்று பார்த்தாலும் அது குன்று குன்றாகக் கண்ணில் படும். ஊரார் சொல்லும் சயனைடு மேடுகள் அவை.

உலக நிலவியலாளர்கள் பல ஆண்டுகள் ஒரு கேள்வியை விவாதித்தார்கள். மனிதனின் செயல்கள் பூமியில் விட்டிருக்கும் படிவை ஒரு தனிப் புவிக்காலத்தின் தொடக்கமாக ஏற்கலாமா என்பது கேள்வி. ஆந்த்ரோபோசீன் என்ற அந்தக் காலப் பெயருக்கான முன்மொழிவு 2024 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது. அட்டவணையில் அந்தப் பெயர் ஏறுவதும் ஏறாததும் தங்கவயலுக்கு ஒன்றுதான். மனிதன் படிய வைத்த அடுக்கு இங்கே கண்முன்னே நிற்கிறது. அடியில் எந்த ஆண்டுக் கழிவு, உச்சியில் எந்த ஆண்டுக் கழிவு என்று நிறுவனப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சொல்ல முடிகிற அடுக்கு அது. நிலவியல் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

மேடுகளைப் பற்றி ஆய்வே இல்லை என்று சொன்னால் அநியாயம். மண்ணிலுள்ள உலோகங்கள், கிணற்று நீர், மேட்டில் தானாக முளைக்கும் செடிகள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை ஒருமுறை மாதிரி எடுத்து, ஒரு பட்டத்தோடு முடிந்துபோகும் ஆய்வுகள். பத்தாண்டு, இருபதாண்டு தொடர்ந்து அதே இடங்களில் அளக்கும் வேலைக்கும் இவற்றுக்கும் வெகுதூரம். பழம்பாறைக்குக் கிடைத்த பொறுமை இந்த மண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பொறுமை ஏன் வேண்டும் என்பதற்குச் சயனைடே நல்ல எடுத்துக்காட்டு. 1887-இல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை விரைவிலேயே உலகத் தங்கச் சுரங்கங்களுக்கெல்லாம் பரவியது. அரைத்த தாதுவில் சயனைடுக் கரைசலை ஊற்றினால் தங்கம் அதில் கரைந்து வரும். ஊரில் பலருக்கு இந்த மேடுகள் மேல் உள்ள அச்சம் சயனைடால் வந்தது. ஆனால் தனிச் சயனைடு வெயிலும் காற்றும் பட்டால் சிதையக்கூடியது. இரும்போடு சேர்ந்த சேர்மங்கள்தான் நீண்ட நாள் தங்கும். சிதையவே சிதையாதது வேறொன்று இருக்கிறது, நுண்ணிய சிலிக்கா. தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் நரம்புகளில். குவார்ட்ஸ் என்பது சிலிக்காதான். தங்கத்தைப் பிரிக்க அதைப் பொடிப்பொடியாக அரைத்தார்கள். காற்றடி காலத்தில் மேட்டிலிருந்து கிளம்பித் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் வருவது அந்தப் பொடி. 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மூக்கில் தங்காமல் உள்ளே போய்விடும். அவற்றிலும் மிக நுண்ணியவை நுரையீரலின் ஆழம் வரை போகும்.

சுரங்கத்துக்குள் அந்தத் தூசி என்ன செய்தது என்பது தெரிந்த கதை. இந்திய மருத்துவப் பாடநூல்கள் சிலிக்கோசிஸ் நோய் இந்த நாட்டில் அறியப்பட்ட வரலாற்றைச் சொல்லும்போது கோலார் தங்கச் சுரங்கத்தையும் 1947-ஆம் ஆண்டையும் குறிப்பிடுகின்றன. சுரங்கத்துக்குள் இறங்காமல், மேட்டுக்கு அருகில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எவ்வளவு தூசியைச் சுவாசிக்கிறார்கள்? எந்த மாதம், எந்தத் திசைக் காற்றில், எந்த அளவுத் துகள்? இது மருத்துவர் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. துகளின் கனிமம் எது, எந்த மேட்டிலிருந்து வந்தது என்று சொல்ல நிலவியலாளர் வேண்டும். காற்றின் போக்கைச் சொல்ல வளிமண்டல அறிவியலாளர் வேண்டும். ஒரே கூரையின் கீழ் எல்லாத் துறையும் என்ற கனவு எதற்காக உண்டானதோ அந்த வேலை இது.

கூரை ஒன்றாக இருந்தாலும் உள்ளே சுவர் எழுந்துவிட்டது. ஆராய்ச்சிக்கும் ஆசிரியப் பணிக்கும் தகுதித் தேர்வு எழுதும் மாணவரைப் பாருங்கள். புவி அறிவியல் சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் தேர்வில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் யு.ஜி.சி. நெட் தேர்வில் இருக்கிறது. கேட் தேர்விலும் நிலவியலுக்கு ஒரு தாள், 2021 முதல் சுற்றுச்சூழலுக்கு வேறொரு தாள். நிலவியல் மாணவர் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வையும், எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களின் வேலையையும் பார்த்துப் படிக்கிறார். சுற்றுச்சூழல் மாணவருக்கு ஆலோசனை நிறுவனங்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இலக்கு. ஒருவருக்குப் பாறையின் வயது தெரியும், தூசி அளக்கும் கருவியைத் தொட்டிருக்க மாட்டார். மற்றவருக்குத் தூசி அளக்கத் தெரியும், அது எந்தக் கனிமம் என்று கேட்டால் திகைப்பார். பிழைப்புக்காகப் படிப்பதில் தவறில்லை, ஏழை வீட்டுப் பிள்ளைகள் வேறெப்படிப் படிப்பார்கள்? தவறு தேர்வுகளையும் பாடத்திட்டங்களையும் வகுத்தவர்கள் மேல்தான்.

பாடத்திட்டத்தைச் சொல்லும்போது கட்டாயப் பாடத்தையும் சொல்ல வேண்டும். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பின்னர் யு.ஜி.சி. எல்லாப் பட்டப்படிப்புக்கும் ஆறு மாதப் பாடமாக அதை வகுத்தது. கலை, வணிகம் படிப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. நடைமுறையில் அது பல கல்லூரிகளில் ஓசோன் படலமும் புவி வெப்பமாதலும் மனப்பாடம் செய்து தேறும் தாளாகிவிட்டது. தங்கவயலில் கல்லூரி போகும் பிள்ளைக்குத் தெருமுனையில் நிற்கும் மேடு பாடமாக வருவதில்லை. களப்பணி என்ற பகுதி அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதைச் செய்தாலே பாதி குறை தீரும்.

மேடுகளோடு ஒப்பிட்டால் நில அதிர்வின் கதை கொஞ்சம் வேறு. ஆழம் கூடக்கூடச் சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் சேர்ந்து, திடீரென்று வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்று சுரங்கக்காரர்கள் சொல்லும் இந்த வெடிப்பில் எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். மேலே வீடுகளும் குலுங்கும். அதை ஆராய பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு இங்கே நில அதிர்வுக் கருவிகள் வைக்கப்பட்டன. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் சாம்பியன் ரீஃபிலேயே தொடங்கப்பட்டது. சுரங்கங்கள் மூடி, இறைப்பு நின்று, ஆழமெல்லாம் தண்ணீர் நிரம்பிய பிறகும் அதிர்வுகள் வந்ததை அந்த நிறுவனத்தார் பதிவுசெய்தார்கள். ஊரில் பிறந்த துயரத்திலிருந்து ஊரிலேயே ஓர் அறிவியல் வளர்ந்த அரிய நிகழ்ச்சி இது. இங்கே கற்றது பிறகு நாடெங்கும் அணைகளுக்கும் குகைப்பாதைகளுக்கும் பயன்பட்டது.

இருந்தாலும் அந்த அறிவில் ஒரு பாதி விடுபட்டுப்போயிற்று. கருவி வருவதற்கு முன்னும் வந்த பின்னும், பாறையின் பேச்சைக் கேட்டவர் அடியில் நின்ற தொழிலாளி. கடப்பாரையால் கூரையைத் தட்டி, கணீரென்று ஒலித்தால் உறுதி, பொத்தென்று ஒலித்தால் பிளவு என்று கண்டு வேலை செய்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். எந்த லெவலில் எப்போது பாறை முனகியது, வெடிப்புக்கு முன் என்ன கேட்டது என்று சொல்லக்கூடியவர்கள் இன்று முதியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் நினைவை எழுத்திலும் ஒலியிலும் பதிந்து, அதிர்வுப் பதிவேட்டோடும் சுரங்க வரைபடத்தோடும் ஒப்பிடுவது புவி அறிவியலுக்குள் அடங்கும் வேலைதான். வாய்மொழி வரலாறு என்று வேறு துறைக்குத் தள்ளிவிடக் கூடாது. இதற்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவைப் பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது. ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் 1896-இல் கிம்பர்லியில் தொடங்கிய சுரங்கப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. சுரங்க முதலாளிகளுக்கு ஆள் தயாரித்துக் கொடுக்கவே அது பிறந்தது. 2002-இல் கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து அமில நீர் நகரத்தின் மேற்கே வெளியே வழியத் தொடங்கியபோது, அந்தப் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் டெரன்ஸ் மெக்கார்த்தி போன்றவர்கள் அதன் காரணத்தையும் போக்கையும் விளக்கி நாட்டுக்குச் சொன்னார்கள். சல்பைடுக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாவதே காரணம். கோலாரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. சாம்பியன் லோடு போன்ற குவார்ட்ஸ் நரம்புகளில் சல்பைடு குறைவு. மேற்குப் பக்க லோடுகளில் அதிகம். ஆகையால் மேட்டுக்கு மேடு, கிணற்றுக்குக் கிணறு விடை மாறலாம். அளந்து பார்க்காமல் பயமுறுத்துவதும் தவறு, அளந்து பார்க்காமல் ஆறுதல் சொல்வதும் தவறு.

தங்கவயலின் ஊர்காமில் ஒரு சுரங்கப் பள்ளி இருக்கிறது. பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. கோலாரிலேயே பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. ஆனால் சுரங்கத்தின் பின்விளைவைப் படிக்கும் ஆராய்ச்சிப் புலமாக இவற்றில் எதுவும் வளரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் மாதிரி எடுக்க வருகிறார்கள்.

துறைகளின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் பதவி உயர்வுக்குப் பன்னாட்டு இதழில் கட்டுரை காட்ட வேண்டும். 250 கோடி ஆண்டுப் பாறை உலகக் கேள்வி, உலக இதழ் ஏற்கும். ஒரு சிற்றூரின் தூசி உள்ளூர்க் கேள்வி, இதழ் திருப்பி அனுப்பும். பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும் துறைகளில் இருக்கும் நான்கைந்து பேரே வகுப்பும் எடுத்து, தேர்வும் நடத்தி, ஆய்வும் செய்கிறார்கள். மேடுகள் நிற்கும் நிலம் மூடப்பட்ட நிறுவனத்தின் உடைமை, நுழைய அனுமதி வேண்டும். இவையெல்லாம் உண்மைத் தடைகள். ஆனால் சிர்க்கான் படிகத்தை அளக்கக் கடல் கடந்த கூட்டு தேவைப்பட்ட காலத்தில் அந்தத் தடையைத் தாண்டியிருக்கிறோம். இந்தத் தடைகள் அதைவிடப் பெரியவை அல்ல.

தண்ணீர் விஷயத்தில் தாண்டவும் செய்தார்கள். கோலார் மாவட்டம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சிக் காய்ந்துபோன மாவட்டம். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டின. அடிப்பாறையிலிருந்து புளோரைடும் கலந்து வந்தது. இந்த நிலையில் பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் அளவில் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. முதல் மாதங்களிலேயே லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கிணறுகளில் நீர் ஏறியது என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு இல்லாமல் உலோகங்கள் மண்ணில் சேரும் என்று மற்றொரு சாரார் எச்சரித்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் இந்தத் தண்ணீரை ஆராய்ந்தார்கள், அவர்கள் தந்த எண்கள் வாதத்துக்குள் வந்தன. எந்தப் பக்கம் சரி என்பதைவிட முக்கியம், பிரச்சினை உயிரோடு இருக்கும்போதே அளவீடு நடந்தது என்பது. சயனைடு மேடுகளுக்கும் அதே தகுதி உண்டு.

அறிவு யாருடைய மொழியில் திரும்பி வருகிறது என்பதும் ஒரு கேள்வி. தங்கவயல் தமிழில் படித்துப் பழகிய ஊர். தமிழ்ப் பௌத்தத்தைப் பரப்பிய அயோத்திதாசர் இயக்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் இருந்தது. அவர் எழுத்துகளைப் பிற்காலத்துக்குக் காத்துத் தந்தவற்றுள் இந்த ஊரின் சித்தார்த்தா புத்தகசாலையும் ஒன்று. சுரங்கத் தொழிலாளர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து படித்து, விவாதித்து, அச்சிட்ட ஊருக்கு, அதன் பாறையைப் பற்றிய ஒரு நல்ல தமிழ் நூல் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் போய்ச் சேர்ந்ததாக நான் அறியவில்லை. ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். நாற்பது பக்கத்தில் ஒரு தமிழ்ச் சிறுநூலும் ஒரு கன்னடச் சிறுநூலும் எழுதுவதை ஆய்வுத் திட்டத்தின் கடமையாக வைத்தால் பெரிய செலவொன்றும் ஆகாது.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேடுகளில் இன்னும் சிறிதளவு தங்கம் மிஞ்சியிருக்கிறது. தங்கத்தின் விலை ஏறிவிட்டதால் அதையும் எடுப்பது லாபம் தரும். ஏறத்தாழ 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை கிடைக்கும் என்று ஊரில் நம்பிக்கை இருக்கிறது. சுரங்கம் மூடியதிலிருந்து வேலைக்காக அலைந்த ஊரின் அந்த நம்பிக்கையை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் பல பத்தாண்டுகளாகப் படிந்து இறுகிய மண்ணைக் கிளறும்போது தூசி கூடும், தண்ணீரின் போக்கு மாறும்.

கிளறுவதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்ற அளவீடு இல்லையென்றால், பிறகு என்ன மாறியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அந்த அளவீட்டைத் திட்டத்தை நடத்துபவர் அமர்த்தும் ஆலோசகரிடம் விடுகிறது. வழக்கமாக ஒரு பருவத்து அளவீடே போதுமென்று ஏற்கப்படுகிறது. தங்கவயலுக்கு அது போதாது. காற்றடி காலமும் மழைக்காலமும் அடங்க ஓராண்டாவது, குத்தகைதாரர் பணத்தைத் தொடாத ஓர் அரசுப் பல்கலைக்கழகம் அளக்க வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகமோ, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமோ, கோலாரின் பல்கலைக்கழகமோ, புதுவையோ, சென்னையோ, யார் முன்வந்தாலும் சரி. நிலவியல் மாணவரும் சுற்றுச்சூழல் மாணவரும் ஒரே அணியில் வரட்டும். தங்கவயல் பிள்ளைகளுக்கு அந்த அணியில் உதவித்தொகையோடு இடம் ஒதுக்குங்கள். சுரங்க வரைபடங்களையும் அதிர்வுப் பதிவேடுகளையும் யாரும் பார்க்கக்கூடிய ஆவணக் காப்பகமாக்குங்கள். முடிவுகளைப் பொது விசாரணைக்கு முன்பே தமிழிலும் கன்னடத்திலும் ஊருக்குக் கொடுங்கள். ஏலம் முடிந்து எந்திரங்கள் வந்து இறங்குவதற்குள் இந்த வேலை தொடங்கியாக வேண்டும்.